டிஜிட்டல் கேஜ் வாங்கலாமா? ஆர்32 ஏசிக்கு எத்தனை பிரஷரில் நிறுத்துவது?

பல்லடம் பக்கம் ஏசி, பிரிட்ஜ் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “ஏனுங்ண்ணா, இத்தனை வருசமா முள்ளு கேஜ்லதான் வேலை பாக்கறேனுங்க. இப்ப எங்க பாத்தாலும் டிஜிட்டல் கேஜ்ங்கறாங்க. போடற காசுக்குத் தகுமுங்களா? ஆர்32 ஏசிக்கு எத்தனை பிரஷர்ல நிறுத்தோணும், அதையும் சொல்லுங்க.”

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கேஜ் என்பது கேஸின் பிரஷரை அளக்கும் மீட்டர், ஆர்32, ஆர்22 எல்லாம் மெஷினுக்குள் ஓடும் கேஸின் பெயர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன் தம்பி. அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஆர்32-க்கு “இத்தனையில் நிறுத்து” என்று ஓர் எண் கிடையாது. ஆர்22-க்கும் உண்மையில் கிடையாதுதான். ஆனால் அங்கே அறுபத்தைந்து, எழுபது என்று வைத்தால் வேலை ஓடியது. காரணம், ஆர்22 கேஸ் 70 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு) பிரஷரில் ஏறக்குறைய 5 டிகிரியில் கொதிக்கும். கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும், கேஸைக் கட்டுப்படுத்தி விடும் மெல்லிய குழாயான கேப்பிலரி மாறாது, கூலிங் காயிலும் அதற்கேற்ற அளவில் இருக்கும். அதனால் எழுபதுக்குப் பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் சரியாக வந்தது. நாம் பார்த்தது பிரஷரை, நமக்குக் கிடைத்தது 5 டிகிரி. இதை யாரும் நமக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. எண்ணை மட்டும் சொல்லித் தந்தார்கள்.

ஆர்32 அதே 5 டிகிரியில் கொதிக்க 123 பிஎஸ்ஐ வேண்டும். 10 டிகிரி என்றால் 146. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் அறையின் சூட்டைப் பொறுத்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பத்துக்குப் பத்து அறையில், ராத்திரி பதினோரு மணிக்கு மெதுவாக ஓடும்போது 150 காட்டுவதும், மத்தியான வெயிலில் முழு வேகத்தில் 115 காட்டுவதும் ஒரே மெஷின்தான். இரண்டு நேரத்திலும் கேஸ் அளவு சரியாகவே இருக்கலாம். 150-ஐப் பார்த்துக் கொஞ்சம் எடுப்பவரும், 115-ஐப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றுபவரும் நல்ல மெஷினைக் கெடுத்துவிட்டுத்தான் இறங்கி வருகிறார்கள். கம்பெனி சொல்லும் டெஸ்ட் மோடில் போட்டு, வேகம் நிலைத்த பிறகு பார்க்கிற ரீடிங்குக்குத்தான் அர்த்தம் உண்டு. அப்போதும் கேஸ் அளவை முடிவு செய்ய வேண்டியது தராசு. இதைப் பிறகு சொல்கிறேன்.

நிறுத்திவைத்த மெஷினில் கேஜை மாட்டி, “ஸ்டேண்டிங் பிரஷர் நல்லா இருக்கு, கேஸ் குறையலை” என்று சொல்லும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. வீட்டு கேஸ் சிலிண்டர் முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் உள்ளே பிரஷர் ஒன்றுதான் அல்லவா, அதே கதைதான் இது. திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை பிரஷரைத் தீர்மானிப்பது வெளிச்சூடு. 30 டிகிரியில் நிற்கும் ஆர்32 மெஷின் 265 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 800 கிராம் இருக்கிறதா 500 கிராம் இருக்கிறதா என்று அந்த 265 சொல்லாது.

இப்போது டிஜிட்டல் கேஜுக்கு வருவோம். அது செய்கிற முக்கியமான வேலை பிரஷரை எண்ணில் காட்டுவது அல்ல. அதற்கு முள்ளே போதும். எந்த கேஸ் என்று நாம் தேர்வு செய்துவிட்டால், அந்தப் பிரஷரில் அந்த கேஸ் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதைத் தானே கணக்குப் போட்டுக் காட்டும். பைப்பில் மாட்டும் டெம்பரேச்சர் க்ளாம்ப் பைப்பின் உண்மையான சூட்டைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், கம்ப்ரஸருக்கு கேஸ் திரும்பும் சக்ஷன் பக்கம் சூப்பர்ஹீட், வெளி யூனிட்டின் காயிலான கண்டன்சரில் இருந்து திரவம் வெளியேறும் லிக்விட் பக்கம் சப்கூலிங். உங்கள் முள் கேஜிலும் உள்வட்டத்தில் ஆர்22, ஆர்134ஏ, ஆர்404ஏ என்று டிகிரி அச்சடித்துத்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த உள்வட்டத்தைப் படித்தோம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் ஆர்410ஏ டக்டபிள் மெஷின் (குழாய் வழியே குளிர்காற்று தரும் பெரிய ஏசி), கேப்பிலரிக்குப் பதில் தேவைக்கேற்பத் திறந்து மூடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு உள்ளது என்று வையுங்கள். சாயங்காலம், வெளியே 30 டிகிரி. சக்ஷன் 118 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 4.5 டிகிரி. சக்ஷன் பைப் 10.5 டிகிரி. சூப்பர்ஹீட் 6. கம்ப்ரஸரில் இருந்து கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் பக்கம் 365 பிஎஸ்ஐ, அதாவது 43 டிகிரி. லிக்விட் பைப் 37. சப்கூலிங் 6. கண்டன்சர் வெளிக்காற்றைவிட 13 டிகிரி மேலே நிற்கிறது. இந்த மெஷினில் கை வைக்க வேண்டாம், கேஸ் போதும்.

அதே மெஷின் ஆறு மாதம் கழித்து 475 பிஎஸ்ஐ காட்டுகிறது. பழைய பழக்கத்தில் கேஸ் ஜாஸ்தி என்று திறந்துவிடத் தோன்றும். டிஜிட்டலில் பார்த்தால் 54 டிகிரி. வெளியே அதே 30. வித்தியாசம் 24-க்குப் போய்விட்டது, ஆனால் சப்கூலிங் ஏறவில்லை. கேஸ் ஜாஸ்தியாக இருந்தால் கண்டன்சரில் திரவம் தேங்கி சப்கூலிங் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் கண்டன்சர் சூட்டைத் தள்ள முடியாமல் திணறுகிறது என்று பொருள். நம் பக்கத்தில் காரணத்தைத் தேடி அலையவே வேண்டாம், பஞ்சுதான். திருப்பூர், பல்லடம், சோமனூரில் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் பஞ்சு ஒரு போர்வை போலப் படிந்து கிடக்கும். கோழிப்பண்ணைப் பக்கம் என்றால் தூசியும் இறகும். கழுவிவிட்டு மறுபடி ரீடிங் எடுங்கள். கேஸைத் திறந்துவிட்டிருந்தால் அடுத்த வாரமே கூலிங் இல்லை என்று கூப்பிட்டிருப்பார்கள்.

சக்ஷன் குறைவாகக் காட்டும்போதுதான் இந்த இரண்டு எண்களும் சேர்ந்து நன்றாகப் பேசும். சக்ஷன் குறைவு, சூப்பர்ஹீட் அதிகம், சப்கூலிங் குறைவு: கேஸ் பற்றவில்லை, லீக்கைத் தேடுங்கள். சக்ஷன் குறைவு, சூப்பர்ஹீட் அதிகம், ஆனால் சப்கூலிங்கும் அதிகம்: கேஸ் இருக்கிறது, வழியில் அடைபட்டு நிற்கிறது. டிரையர் (ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி) சோக், வால்வு கோளாறு, அல்லது எங்கேயாவது பைப் நசுங்கியிருக்கிறது. சக்ஷன் குறைவு, சூப்பர்ஹீட்டும் குறைவு: காயிலுக்குக் காற்று வரவில்லை, பில்டரையும் புளோயரையும் பாருங்கள். மூன்றுக்கும் முள் கேஜ் ஒரே மாதிரி “லோ” என்றுதான் காட்டும். நாமும் மூன்றுக்கும் ஒரே மருந்தாக கேஸை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

கேப்பிலரி மெஷினில் சூப்பர்ஹீட் ஓர் எண்ணில் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே வெயில் ஏற ஏற அது இறங்கும். உள்ளே காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் ஏறும். சித்திரை மாதம் கரூர் வெயிலில் 3 டிகிரி காட்டும் மெஷின், ஐப்பசி மழையில் பொள்ளாச்சியில் 12 காட்டினால் பயப்பட வேண்டாம். எக்ஸ்பேன்ஷன் வால்வு உள்ள மெஷினை சப்கூலிங் பார்த்து சார்ஜ் செய்வதும், கேப்பிலரி மெஷினை சூப்பர்ஹீட் பார்த்து சார்ஜ் செய்வதும் இதனால்தான்.

சரி, இவ்வளவும் கேஜ் தானே சொல்லிவிடுமா? சொல்லாது. அது சொல்வது இரண்டு சென்சாரின் வித்தியாசத்தை. அதில் பெரும்பாலும் ஏமாற்றுவது டெம்பரேச்சர் க்ளாம்ப். பெயின்ட் படிந்த பைப்பில், இன்சுலேஷன் மேலேயே, நேர் வெயிலில் மாட்டினால் 5, 6 டிகிரி தப்பு சர்வசாதாரணம். பைப்பைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, க்ளாம்பை மாட்டி, மேலே ஒரு துண்டு இன்சுலேஷனைச் சுற்றுங்கள். படுத்துப் போகும் பைப்பின் அடியில் எண்ணெய் ஓடும், அதனால் அடியில் வேண்டாம், பக்கவாட்டில் மாட்டுங்கள். ஓடும் மெஷினில் மாட்டியவுடன் எழுதிக்கொள்ளாமல் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள்.

அடுத்தது கேஸ் தேர்வு. இன்று ஒரே நாளில் ஆர்22, ஆர்410ஏ, ஆர்32, ஆர்134ஏ, ஆர்404ஏ எல்லாம் நம் கையில் வந்து போகின்றன. 2025 தொடக்கத்தில் இருந்து நம் நாட்டில் ஆர்22-வை வைத்துப் புது மெஷின் தயாரிப்பதற்குத் தடை வந்துவிட்டாலும், பழைய மெஷின்கள் இன்னும் பல வருடம் ஓடும். நேற்று ஆர்22-வில் வைத்த கேஜை இன்று ஆர்32-வில் அப்படியே மாட்டினால் திரையில் வரும் டிகிரி எல்லாம் கதை. ஆர்407சி-யில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அது ஒரே டிகிரியில் கொதிக்காது, தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் 5, 6 டிகிரி இடைவெளி உண்டு. சூப்பர்ஹீட்டுக்கு ஒரு முனை, சப்கூலிங்குக்கு மறுமுனை. சார்ட்டை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் தடுமாறாமல் டிஜிட்டல் இதைத் தானே பிரித்துக்கொள்ளும். ஸ்பின்னிங் மில்களிலும் ஏர்ஜெட் தறிக் கூடங்களிலும் ஏர் டிரையர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நிஜமாகவே பயன்படும்.

விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பல கேஜ்களின் துல்லியம் “முழு அளவில் அரை சதவீதம்” என்று போட்டிருக்கும். முழு அளவு 60 பார் என்றால் அரை சதவீதம் 0.3 பார், அதாவது 4 பிஎஸ்ஐக்கு மேல். ஆர்32 சக்ஷனில் இந்தத் தப்பு ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும், கவலையில்லை. ஆனால் -20 டிகிரியில் ஓடும் ஆர்134ஏ பிரீசரில் மொத்த சக்ஷனே 4, 5 பிஎஸ்ஐதான். அங்கே அந்தத் தப்பு 5, 6 டிகிரியைத் தின்றுவிடும். திரையில் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் வருகிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. நீங்கள் பிரீசர் வேலை அதிகம் செய்கிறவர் என்றால் வாங்குவதற்கு முன் இந்த வரியைத் தேடிப் படியுங்கள். குறைந்த பிரஷரில் தனித் துல்லியம் தரும் மாடல்கள் இருக்கின்றன.

மலை ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று. மேட்டுப்பாளையம், கோவையில் இருந்து ஊட்டிக்குச் சர்வீஸ் போகும் ஆட்கள் நிறைய. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. கோவை 400 மீட்டர் சொச்சம் உயரம், அங்கே ஏறக்குறைய 14. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே 11 சொச்சம்தான். கேஜை ஊட்டியில் வைத்து ஜீரோ செய்துவிட்டு, உயரத்தைச் சொல்லாமல் விட்டால், நிஜத்தில் -20 டிகிரியில் இருக்கும் ஆர்134ஏ பிரீசருக்கு அது -16 என்று காட்டும். சில மாடல்கள் உள்ளேயே காற்றழுத்த சென்சார் வைத்துத் தானே திருத்திக்கொள்ளும், சிலவற்றில் உயரத்தை நாம் செட் செய்ய வேண்டும், மலிவானவை பலவற்றில் இரண்டுமே இருக்காது. கோவையில் ஏசி வேலைக்கு இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

அதே காரணத்தால் ஊட்டியில் முள் கேஜை வைத்து எவ்வளவு நேரம் வேக்யூம் போட்டாலும் (பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்தாலும்) முள் 23 இன்ச்சுக்குக் கீழே போகாது. பம்ப் போய்விட்டது என்று நினைத்து புது பம்ப் வாங்கியவர்கள் உண்டு. அங்கே 23-தான் முழு வேக்யூம்.

வேக்யூம் பேச்சு வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். என் கணக்கில் முள்ளை விட்டு டிஜிட்டலுக்கு மாற வேண்டிய முதல் இடம் இதுதான். ஒரு இன்ச் என்பது 25,400 மைக்ரான். நமக்கு வேண்டியது 500 மைக்ரான் அளவு. இன்ச்சில் சொன்னால் 0.02, அதாவது முள்ளின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். முள் கேஜில் 500-ம் 5,000-ம் ஒரே இடம். 30 டிகிரி சூட்டில் தண்ணீர் 32,000 மைக்ரானுக்குப் பக்கத்தில் கொதிக்கத் தொடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பைப்பின் மூலையிலும் எண்ணெய்க்குள்ளும் ஒளிந்திருக்கும் ஈரம் வெளியே வர ஆழமான வேக்யூமும் நேரமும் வேண்டும். ஆர்410ஏ, ஆர்32 மெஷின்களில் இருக்கும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. மழைக்காலத்தில் வால்பாறையிலும் பொள்ளாச்சியிலும் பைப் வாயைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

500-க்குக் கீழே இறங்கியதும் பம்பை வால்வால் துண்டித்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் நல்லது. 1,500, 2,000 வரை ஏறி அங்கேயே உட்கார்ந்தால் உள்ளே ஈரம், மறுபடி பம்ப், முடிந்தால் நடுவில் நைட்ரஜன். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். மேனிபோல்டுக்கு (கேஜும் வால்வும் சேர்ந்த செட்) உள்ளேயே வேக்யூம் சென்சார் உள்ள மாடல்கள் கிடைக்கின்றன, ஆனால் அது ஹோஸ் பக்கத்தைத்தான் பார்க்கும். ஹோஸே லேசாகக் காற்றை இழுக்கும். தனி மைக்ரான் கேஜை, பம்பில் இருந்து தூரமான முனையில் மாட்டுவதுதான் சரி. சர்வீஸ் போர்ட்டின் பின் (ஊசி) வால்வில் உள்ள பின்னைக் கழற்றும் கருவி ஒன்று வைத்துக்கொண்டு, பின்னை எடுத்துவிட்டு பெரிய ஹோஸில் இழுத்தால் பாதி நேரம் மிச்சம். சென்சாரில் எண்ணெய் போனால் ரீடிங் கெடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு அலசுங்கள், உள்ளே குச்சியை விட்டுக் குத்தாதீர்கள்.

இப்போது தராசு. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் கேப்பிலரியோ எக்ஸ்பேன்ஷன் வால்வோ அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. நமக்குக் கிடைப்பது சக்ஷன் பக்கம் ஒரே ஒரு சர்வீஸ் போர்ட். சப்கூலிங் பார்க்க வழியில்லை. ஆகவே அங்கே டிஜிட்டல் மேனிபோல்டின் பாதி வேலை வீண். முழு கேஸையும் எடுத்து, லீக்கை அடைத்து, நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட் செய்து, வேக்யூம் போட்டு, நேம் பிளேட்டில் உள்ள கிராமைத் தராசில் வைத்து ஏற்றுவதுதான் முறை. பைப் நீளம் கூடினால் அதற்குரிய கிராமைக் கம்பெனி மேனுவலைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

சின்ன மெஷின்களில் எச்சரிக்கை இன்னும் வேண்டும். ஆர்600ஏ வீட்டு பிரிட்ஜில் மொத்த கேஸே ஐம்பது கிராம் சொச்சம். ஓடும்போது சக்ஷன் வேக்யூமில்தான் நிற்கும். பேக்கரிகளில் இப்போது வரும் ஆர்290 விசி கூலர்களிலும் (கண்ணாடிக் கதவு பிரிட்ஜ்) பெரும்பாலும் 150 கிராமுக்குள்தான். மூன்று ஹோஸையும் மாட்டிக் கழற்றினால் அதிலேயே கேஸ் அளவு மாறிவிடும். அங்கே முதலில் ஆம்ப்ஸ் பாருங்கள், காயில் எவ்வளவு தூரம் பனி பிடித்திருக்கிறது என்று பாருங்கள், பைப் டெம்பரேச்சர் எடுங்கள். கேஜ் மாட்டுவது கடைசி வழி. அதுவும் ஹோஸ் இல்லாமல் போர்ட்டில் நேராக மாட்டும் வயர்லெஸ் புரோப் இருந்தால் நல்லது. இரண்டுமே நன்றாகப் பற்றி எரியும் கேஸ். ஆர்32-வும் லேசாகப் பற்றும். வாங்கும் கேஜ், பம்ப் எல்லாம் இந்த கேஸ்களுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கடைக்குள் மூடிய அறையில் வேலை செய்யாதீர்கள்.

அம்மோனியா ஓடும் கோல்டு ஸ்டோரேஜுக்கு இந்தப் பித்தளை மேனிபோல்டை எடுத்துப் போகவே கூடாது. அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும்.

ஆடி மாதத்தில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கே பார்த்த சுவரில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் பேனுக்கு நேர் எதிரே அடிக்கும். ஹை சைடு எண் திரையில் ஏறி ஏறி இறங்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இதைப் பார்த்துவிட்டு கம்ப்ரஸரைச் சந்தேகப்பட வேண்டாம், ஒரு அட்டையைக் காற்றுக்கு மறைப்பாகத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் காசு விஷயம். நீங்கள் பெரும்பாலும் வீட்டு ஸ்பிளிட்டும் பிரிட்ஜும் பார்க்கிறவர் என்றால் என் வரிசை இது: முதலில் நல்ல தராசு, அடுத்து மைக்ரான் கேஜ், மூன்றாவதாக ஒரு நல்ல பைப் க்ளாம்ப் தெர்மாமீட்டர். இந்த மூன்றும் உங்கள் முள் கேஜும் இருந்தால் போனில் உள்ள பிரஷர் டெம்பரேச்சர் சார்ட்டைப் பார்த்து சூப்பர்ஹீட்டை நீங்களே கழித்துக்கொள்ளலாம். முள் கேஜும் ஹோஸும் ஆர்22 காலத்துப் பழசாக இருந்தால் மட்டும் ஆர்32-க்கு மாட்டாதீர்கள், 800 பிஎஸ்ஐ தாங்கும் செட் வேண்டும். டக்டபிள், பால் குளிரூட்டி, கோல்டு ரூம், ஏர் டிரையர் என்று வேலை வருகிறது என்றால் டிஜிட்டல் மேனிபோல்டைத் தயங்காமல் வாங்குங்கள், முதல் சீசனிலேயே அதன் அருமை தெரியும். டெஸ்டோ, பீல்டுபீஸ் பிராண்டுகளுக்கு விலை கூடுதல், எலிடெக், வேல்யூ பிராண்டுகளுக்கு விலை குறைவு. பிராண்டைவிட, இரண்டு க்ளாம்ப் கூட வருகிறதா, புது கேஸ்களைச் சேர்க்க அப்டேட் உண்டா, கோவையிலேயே காலிப்ரேஷனும் சென்சாரும் கிடைக்குமா என்று கேளுங்கள். டிஜிட்டல் பார்த்தால் பார்ட்டிக்கு நம்பிக்கை வரும் என்று கடைக்காரர் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாங்கிய முதல் வாரம் பழுதான மெஷினில் மாட்டாதீர்கள். நன்றாக ஓடும் மெஷின்களில், வருட சர்வீஸுக்குப் போகும்போது மாட்டி, வெளிச்சூடு, அறைச்சூடு, இரண்டு பிரஷர், சூப்பர்ஹீட், சப்கூலிங், ஆம்ப்ஸ் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பழைய முள் கேஜையும் கூடவே வண்டியில் வைத்திருங்கள். மொட்டை மாடியில் பேட்டரி தீர்ந்தால் அதுதான் துணை.